குளோரியோசம் என்று வாங்கினேன், இலை நீண்டுகொண்டே போகிறது. இது குளோரியஸ் கலப்பினமா? (குமரி மாவட்டம்)

ஆற்றூர்_விளை | ஜூன் 12

எல்லோருக்கும் வணக்கம். திருவட்டார் பக்கம் ஆற்றூரில் இருக்கிறேன். போன ஐப்பசியில் வெளிமாவட்ட நர்சரி ஒன்றில் இருந்து கூரியரில் பிலோடென்ட்ரான் குளோரியோசம் என்ற இலையழகுச் செடியை வரவழைத்தேன். இரண்டு இலை, 1,400 ரூபாய். வந்தபோது இலை உருண்டையான இதயம் மாதிரி, வெள்ளை நரம்போடு அழகாக இருந்தது. மூன்றாவது இலையும் அப்படியேதான் வந்தது.

நான்காவது இலையில் இருந்து மாறுகிறது. ஐந்தாவது இலையை இன்று அளந்தேன். நீளம் 31 செ.மீ., அகலம் 19 செ.மீ. நுனி கூராக இழுத்துக்கொண்டு போகிறது. குளோரியோசம் தரையில் ஊரும் என்றுதான் படித்திருக்கிறேன். இது தலையைத் தூக்குகிறது. கணுவுக்குக் கணு இரண்டு விரல்கடை இடைவெளி இருக்கிறது. கணுவில் இருந்து வெள்ளையாக ஒரு வேர் கிளம்பித் தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது.

என்ன செடி இது? கம்பு ஊன்ற வேண்டுமா? இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டது, வெளித்திண்ணையில் வைத்திருக்கிறேன். உள்ளே எடுக்கவா? என் மாமியார் காட்டுச்சேம்பு என்கிறார். எனக்கு இந்தச் செடி மேல் உயிர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இலைப்பித்து | ஜூன் 12

அக்கா, மாமியார் சொன்னதில் பாதி சரி. சேம்பு, சேனை, பிலோடென்ட்ரான், ஆந்தூரியம் எல்லாம் ஒரே குடும்பம். சேம்பு வெட்டினால் கை அரிக்கிறதே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் இதிலும் உண்டு. ஆட்டுக்கும் குழந்தைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். இலைக்காம்பு உருண்டையா, தட்டையா? காம்பின் இரண்டு ஓரத்திலும் வெளிர்க்கோடு ஓடுகிறதா? புது இலை விரியும்போது என்ன நிறம்?

ஆற்றூர்_விளை | ஜூன் 12

தம்பி, இப்போதுதான் போய்த் தடவிப் பார்த்தேன். பழைய இலைகளின் காம்பு மேல்பக்கம் லேசாகத் தட்டை. புதிய காம்பு ஏறக்குறைய உருண்டை, தொட்டால் சொரசொரப்பு. வெளிர்க்கோடு தெளிவாக இல்லை. புது இலை விரியும்போது இளம்பச்சையில் லேசான செம்புச் சாயல். இரண்டு வாரத்தில் நல்ல பச்சையாகிவிட்டது.

ரப்பர்விளை | ஜூன் 13

குலசேகரத்தில் இருந்து எழுதுகிறேன். பதினெட்டு வருடமாக ஆந்தூரியமும் பிலோடென்ட்ரானும் வளர்க்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கணிப்பில் இது குளோரியஸ்தான்.

குளோரியோசம் என்பது கொலம்பியாவில் காட்டுத்தரையில் ஊரும் இனம். தண்டு மண்மேல் கிடக்கும், அடியில் வேர் இறங்கும், முன்நுனியில் இலை எழும். இலையின் நீளமும் அகலமும் ஏறக்குறைய சமம். காம்பு தட்டை, ஓரத்தில் வெளிர்க்கோடு. மெலனோகிரைசமும் கொலம்பியாவில் இருந்து வந்ததுதான், ஆனால் அது மரம் ஏறும். நீண்ட இலை, கருமைக்கு நெருங்கிய பச்சை, புது இலை செம்பு நிறம். பெயருக்கே 'கருந்தங்கம்' என்றுதான் பொருள். இந்த இரண்டையும் கலந்து 1970-களில் ஆஸ்திரேலியாவில் கீத் ஹெண்டர்சன் என்ற வளர்ப்பாளர் உண்டாக்கியதுதான் குளோரியஸ். ஆக உங்கள் செடியின் ஒரு பக்கம் தரையில் ஊரும், இன்னொரு பக்கம் மரம் ஏறும். நீங்கள் எழுதிய அத்தனை அடையாளத்திலும் அந்த இரண்டு குணமும் சேர்ந்தே இருக்கின்றன.

குழம்ப வாய்ப்புள்ள வேறு சிலவும் உண்டு. காம்பில் ரோமம்போல் சிலிர்த்திருந்தால் அது ஸ்பிளெண்டிட், அதாவது வெருகோசமும் மெலனோகிரைசமும் சேர்ந்தது. இலை மிகப் பெரிதாக, மேடுபள்ளமாக, வெல்வெட் குறைவாக இருந்தால் டீன் மெக்டோவல். அது 1988-இல் அமெரிக்காவில் ஜான் பான்டா என்பவர் குளோரியோசத்தையும் பாஸ்டாசானத்தையும் கலந்து செய்தது. உங்களுடையது இரண்டும் இல்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு இலைப் பருவத்தில் இவை எல்லாமே ஒன்றுபோல்தான் இருக்கும். யார் கேட்டாலும் ஐந்தாறு இலை வரும்வரை பெயர் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். உங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, அதனால்தான் சொல்கிறேன்.

மாடித்தோட்டம்_நாகர்கோவில் | ஜூன் 13

அப்படியானால் நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதானே அர்த்தம்? ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அனுப்பியிருக்கிறார். பணத்தைத் திரும்பக் கேளுங்கள் அக்கா. நாம் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் இந்த வியாபாரம் இப்படி இருக்கிறது.

இலைப்பித்து | ஜூன் 13

எனக்கு அப்படித் தோன்றவில்லை அண்ணே. திசு வளர்ப்பில் (செடியின் சிறு துண்டை ஆய்வுக்கூடத்தில் பெருக்குவது) வரும் நாற்றுகள் தட்டுத் தட்டாக வருகின்றன. ஒரு தட்டின் லேபிள் மாறினால் அதில் உள்ள அத்தனை செடிக்கும் பெயர் மாறிப்போகும். விற்கிறவரே தெரியாமல் விற்றிருக்கலாம். அவருக்குப் படம் அனுப்பி விவரம் சொல்லுங்கள். அதே தட்டில் வாங்கிய மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

பெயரே வழி தவறவைக்கும் செடிகளும் இருக்கின்றன. நம் ஊர் நர்சரிகளில் எல்லாம் கிடைக்கிற அலோகேசியா அமேசானிக்காவை அமேசான் காட்டுச் செடி என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அது 1950-களில் மயாமியில் சால்வடோர் மாரோ என்பவர் வளர்த்தெடுத்த கலப்பினம். அவருடைய நர்சரியின் பெயர் அமேசான், அந்தப் பெயரைத்தான் செடிக்கு வைத்தார். அதன் பெற்றோர் இரண்டும் ஆசியச் செடிகள், ஒன்று பிலிப்பைன்ஸில் இருந்து வந்தது. ஆற்றங்கரைச் செடி என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றி அழுகவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆற்றூர்_விளை | ஜூன் 14

பணம் கேட்கப் போவதில்லை. குளோரியஸ் என்று தெரிந்ததும் மனசு நிறைந்துவிட்டது. ரப்பர்விளை அண்ணாச்சி, இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். இப்போது சிவப்பு மண்ணும் சாணமும் கலந்த தொட்டியில் இருக்கிறது.

ரப்பர்விளை | ஜூன் 14

முதலில் அந்த மண்ணில் இருந்து எடுங்கள். இன்றைக்கே. ஆனி, ஆடி மழையில் சாணம் கலந்த சிவப்பு மண் சேறாகிவிடும், வேர் மூச்சுவிட முடியாது.

நம் ஊரில் இந்தச் செடிக்கு வேண்டிய ஈரக்காற்று சும்மா கிடைக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் கண்ணாடிப் பெட்டி வாங்கி, ஈரப்பதம் காட்டும் கருவி வாங்கி, புகைபோல் தண்ணீர் தூவும் இயந்திரம் வாங்கிச் செய்வதை நமக்கு இரண்டு மழைக்காலமும் மலையும் சேர்ந்து செய்து கொடுக்கின்றன. இணையத்தில் இருக்கும் வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதியவை. 'ஈரத்தைக் கூட்டு' என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நாம் செய்ய வேண்டியது நேர்மாறு. வேரைச் சுற்றிக் காற்றைக் கூட்ட வேண்டும். குமரி மேற்கில் செத்துப்போகும் பிலோடென்ட்ரான்களில் பத்துக்கு எட்டு, வேர் அழுகித்தான் போகிறது. நான் பார்த்தவரை சொல்கிறேன்.

என் கலவை இதுதான். கதம்பலை (தேங்காய் மட்டையை)க் கட்டைவிரல் அளவுக்கு நறுக்கி மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் நாள் கட்டன்சாயா நிறத்தில் வரும், மூன்றாம் நாள் தெளியும். அதில் இரண்டு பங்கு, மரக்கரித் துண்டு ஒரு பங்கு, உடைத்த ஓட்டுத்துண்டு ஒரு பங்கு, மட்கிய இலை உரம் அரைப் பங்கு. அவ்வளவுதான். கையில் அள்ளினால் கனமே தெரியக் கூடாது. தண்ணீர் ஊற்றினால் நின்று யோசிக்காமல் அடியில் வந்துவிட வேண்டும்.

தண்டை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். வேர் மட்டும் உள்ளே, தண்டு மேலே கிடக்கட்டும். செடியின் அடியில், தண்டோரம் தண்ணீர் தேங்கினால் முடிந்தது கதை.

கடலோரம் | ஜூன் 15

கதம்பல் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் குளச்சல். எங்கள் பக்கம் உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு நார் உரித்த கதம்பல் கழிவு கிடைக்கும். இலவசம் என்று அள்ளிக்கொண்டு வந்து ஆந்தூரியம் கிரிஸ்டலினத்துக்குப் போட்டேன். ஒரே மாதத்தில் எல்லா இலையிலும் ஓரம் கருகியது. நோய் என்று நினைத்து மருந்தடித்து இன்னும் கெடுத்தேன். உப்புதான் காரணம் என்று அப்புறம்தான் புரிந்தது. ஊறப்போடாத பச்சைக் கதம்பல் அல்லது காய்ந்த கதம்பல் மட்டும் வாங்குங்கள், அதையும் கழுவுங்கள்.

எங்கள் ஆழ்துளைத் தண்ணீரும் உப்பு. மழைத்தண்ணீரை நீல டிரம்மில் பிடித்து வைத்து அதைத்தான் ஊற்றுகிறேன். டிரம்மை மூடி வையுங்கள், கொசு.

தோவாளை_காற்று | ஜூன் 16

மேற்குக்காரர்களுக்கு ஈரக்காற்று இலவசம், சரி. கிழக்கில் இருக்கிறவர்களையும் கொஞ்சம் நினையுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இந்த மாதங்களில் வரும் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே வந்து நின்றால்தான் தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது அதற்காகத்தானே. ஒரே மாவட்டம், குலசேகரத்தில் மழை கொட்டும்போது எங்களுக்கு மேகம் மேலே ஓடும், துளி விழாது, காற்று மட்டும் அறுக்கும்.

நான் மூன்று வருடமாக மெலனோகிரைசம் வளர்க்கப் பார்க்கிறேன். புது இலை சுருளில் இருந்து பாதி விரியும்போதே காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிரியும்போது கிழியும். ஒரு முழு இலைகூட நான் பார்த்ததில்லை. செடியைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

இலைப்பித்து | ஜூன் 16

அக்கா, மேற்குப் பக்கம் சுவர் இருக்கும் மூலையாகப் பாருங்கள். தரையில் ஒரு தட்டு நிறைய ஈர மணல், அதன்மேல் செங்கல், செங்கல்மேல் தொட்டி. சுருள் கிளம்பியதும் பழைய மீன்தொட்டி இருந்தால் அதற்குள் செடியை இறக்கி வையுங்கள், மேலே பாதி மூடினால் போதும். இலை விரிந்து கெட்டிப்பட மூன்று வாரம் ஆகும். அதன்பிறகு வெளியே எடுத்தால் தாங்கும். இலைமேல் தண்ணீர் தெளிப்பதால் பயன் இல்லை, அந்தக் காற்றில் ஐந்து நிமிடம்கூட நிற்காது.

பொதுவாக எல்லோருக்கும் ஒன்று. வெல்வெட் இலைக்குத் தேங்காய் எண்ணெயோ பாலோ போட்டுத் துடைக்கவே வேண்டாம். அந்த மினுமினுப்பு மேல்தோல் செல்களின் வடிவத்தால் வருவது. ஒவ்வொரு செல்லும் சின்னக் குமிழ்போல் மேடாக இருக்கும். காட்டுக்கு அடியில் எந்தப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்தாலும் உள்ளே வாங்கிக்கொள்ள இந்த அமைப்பு உதவுகிறது. எண்ணெய் அந்த மேடுபள்ளத்தை நிரப்பிவிடும், திட்டுத்திட்டாகத் தெரியும், திரும்பப் போகாது. வேப்பெண்ணெயும் அப்படித்தான். மாவுப்பூச்சி வந்தால் பஞ்சை நனைத்து அந்த இடத்தில் மட்டும் தொட்டு எடுங்கள்.

ஆற்றூர்_விளை | ஜூன் 22

தொட்டி மாற்றிவிட்டேன். அண்ணாச்சி சொன்னது சரிதான், அடிவேர் இரண்டு ஏற்கெனவே பழுப்பாகி, தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது. அதை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் வைத்தேன். ஓட்டுச்சாய்ப்புத் தண்ணீர் விழாத இடத்தில், வெளிச்சம் படும்படி திண்ணையிலேயே இருக்கிறது. கம்பு பற்றி யாரும் சொல்லவில்லையே?

மாடித்தோட்டம்_நாகர்கோவில் | ஜூன் 22

தும்பு (தேங்காய் நார்) சுற்றிய கம்பு வாங்கிச் செங்குத்தாக ஊன்றுங்கள். ஏறினால்தான் இலை பெரிதாகும்.

ரப்பர்விளை | ஜூன் 23

இதில் எனக்கு வேறு கருத்து. கடையில் விற்கும் தும்புக்கம்பு நம் மழையில் ஒரு வருடம்கூட நிற்காது. உள்ளே இருக்கும் குச்சி உளுத்து, செடி முழுசாக ஏறின பிறகு ஒடியும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. கமுகு மரத்தைப் பிளந்த பட்டை ஒன்று எடுங்கள். வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் வேர் பிடிக்கும், பல வருடம் கெடாது.

அதைச் செங்குத்தாக ஊன்றவும் வேண்டாம். குளோரியஸ், மெலனோகிரைசம் மாதிரி ஓடி ஏறாது, ஊர்ந்து ஏறும். பட்டையைப் பாதி சாய்வாக, ஏணி சாத்தியதுபோல் வையுங்கள். தண்டு கிடக்கவும் இடம் இருக்கும், ஏறவும் வழி இருக்கும். என்னிடம் இரண்டு செடியை இரண்டு விதமாக வைத்துப் பார்த்தேன். சாய்வில் இருப்பதற்குக் கணுவுக்கு இரண்டு வேர் பிடித்தது, செங்குத்தில் இருப்பது பாதி வேரைக் காற்றில் தொங்கவிட்டது.

மாடித்தோட்டம்_நாகர்கோவில் | ஜூன் 23

இது எனக்குப் புதிது. என் செடியையும் சாய்த்து வைத்துப் பார்க்கிறேன் அண்ணாச்சி.

பச்சைமலை | ஜூலை 9

இந்த இழையை இப்போதுதான் படித்தேன். இரண்டு கேள்வி. பேச்சிப்பாறைக்கு மேலே மரத்தில் ஓட்டை ஓட்டையான இலையோடு ஒரு கொடி ஏறிக் கிடக்கிறது, மான்ஸ்டெரா மாதிரி. ஒரு துண்டு எடுத்து வளர்க்கலாமா? அடுத்தது, நண்பன் இந்தோனேஷியா போகிறான், பெட்டியில் நான்கு செடி கொண்டுவரச் சொல்லலாமா?

ரப்பர்விளை | ஜூலை 9

இரண்டும் வேண்டாம் தம்பி. முதலாவது பெரும்பாலும் ராஃபிடோஃபோராவாக இருக்கும். நம் மலைக்கே உரிய செடி, பிலோடென்ட்ரானுக்குத் தூரத்துச் சொந்தம். அது காட்டில் இருக்கிறது, அந்தக் காடு வன உயிரின சரணாலயம். அங்கிருந்து இலை பறிப்பதுகூடக் குற்றம். பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவதற்கு 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை இருக்கிறது. இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடி கொண்டுவரக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு தொட்டியின் வேரில் ஒட்டிவரும் பூச்சி ஒன்று போதும், இங்கே வாழையும் மிளகும் வைத்துப் பிழைக்கிறவன் விளையில் (தோப்பில்) இறங்க.

கடலோரம் | ஆகஸ்ட் 18

மழை விட்டதும் நத்தை வந்துவிட்டது. இரவில் ஒரே ஒரு பெரிய நத்தை, என் ஆந்தூரியம் மாக்னிஃபிகம் செடியின் புது இலையை நரம்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்றிருக்கிறது. தொட்டிகளைத் தரையில் இருந்து தூக்கிக் கம்பி மேசையில் வையுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால் பாதி பிரச்சினை தீரும். எடுத்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், கையுறை இருந்தால் நல்லது.

ஆற்றூர்_விளை | செப்டம்பர் 3

ஏழாவது இலை: 44 செ.மீ. நீளம்! விடிகாலையில் சாய்ந்த வெயில் படும்போது மினுங்குகிறது, பார்த்துக்கொண்டே நின்றால் அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. மாமியார் இப்போது காட்டுச்சேம்பு என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார்.

கேள்வி: ஒருவர் செய்தி அனுப்பி, தண்டை நான்காக வெட்டி ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக விற்றால் போட்ட பணத்தைப்போல் நான்கு மடங்கு எடுக்கலாம் என்கிறார். எனக்கு வெட்டவே மனசு வரவில்லை. இது ஒன்றுதான் இருக்கிறது, முழுசாக என்னிடமே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. சரிதானே?

ரப்பர்விளை | செப்டம்பர் 4

விற்பதற்காக வெட்ட வேண்டாம். ஆனால் வெட்டுங்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2014-இல் இருந்து நான் ஆந்தூரியம் கலப்பினம் செய்கிறேன். கிரிஸ்டலினத்தையும் மாக்னிஃபிகத்தையும் கலப்பதுதான் என் வேலை. ஆந்தூரியத்தின் கதிர் முழுக்கப் பொடிப்பூக்கள்தான், ஒவ்வொரு பூவிலும் பெண்பாகமும் ஆண்பாகமும் உண்டு. முதலில் பெண்பாகம் தயாராகும், அப்போது கதிர் முழுக்கச் சின்னச் சின்னத் தேன்துளி நிற்கும். பல நாள் கழித்து, அது காய்ந்த பிறகுதான் மகரந்தம் வரும். அதனால் ஒரே கதிரின் மகரந்தம் அதே கதிருக்குப் பயன்படாது. இன்னொரு செடியின் மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, தேன்துளி பார்த்த அன்று காலை தூரிகையால் தடவ வேண்டும். அப்புறம் மாதக்கணக்கில் காத்திருப்பு. பழம் கதிரில் இருந்து பிதுங்கித் தொங்கும்போது எடுத்து, சதையைக் கழுவி, அன்றே விதைக்க வேண்டும். காயவிட்டால் விதை முளைக்காது. முளைக்கும் நாற்றில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அக்காள் தங்கை முகம்போலத்தான்.

அப்படி முளைத்த நாற்பது நாற்றில் ஒன்று தனியாக இருந்தது. நரம்பு வெள்ளியாக, இலை ஏறக்குறைய கருப்பாக, விளிம்பில் மெல்லிய செந்நிறம். மூன்று வருடம் வளர்த்தேன். இலை ஒன்று முறம் அளவுக்கு வந்தது. யார் கேட்டும் கொடுக்கவில்லை. என் மருமகன் காட்டாத்துறையில் இருக்கிறான், அவன் மட்டும் விடாமல் கேட்டு, பக்கத்தில் முளைத்த ஒரு குட்டியைப் பிரித்துக்கொண்டு போனான். அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வந்தது.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அந்தக் காலையை நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என் விளையில் ரப்பர் வரிசை வரிசையாகச் சாய்ந்தது. செடிக்கொட்டகைக்கு நிழல் கொடுத்த பலா வேரோடு விழுந்து கொட்டகையையும் அடியில் கொண்டுபோனது. மரத்தை அறுத்து எடுக்கவே பல நாள் ஆனது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் இருக்கும்போது செடிக்காக அழ எனக்கு வாய் வரவில்லை. ஒடியாமல் தப்பிய செடிகளையும் வெயில் கொன்றது. நிழலே இல்லாத வானம், எல்லா இலையும் வெளுத்து, கருகி, காகிதம்போல் ஆனது. அந்தக் கருப்புச் செடியும் போனது.

அடுத்த சித்திரையில் மருமகன் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தான். அவன் வீட்டில் அந்தக் குட்டி பிழைத்து இரண்டாகியிருந்தது. இன்று என்னிடம் இருப்பது அதன் துண்டுதான். விதையில் இருந்து அதைத் திரும்ப உண்டாக்கவே முடியாது. குளோரியஸும் அப்படித்தான். கலப்பினத்தின் விதை அதே செடியைத் தராது. தண்டு, இல்லையென்றால் ஆய்வுக்கூடம். இரண்டே வழி.

அதனால் வெட்டுங்கள். ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, ஒன்றை நம்பிக்கையானவரிடம் கொடுங்கள். கூடுமானால் வேறு காற்று, வேறு மழை உள்ள ஊரில் இருக்கட்டும்.

தோவாளை_காற்று | செப்டம்பர் 4

அண்ணாச்சி, படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆற்றூர்_விளை | செப்டம்பர் 5

வெட்டுகிறேன் அண்ணாச்சி. எப்படி, எப்போது என்று சொல்லுங்கள்.

ரப்பர்விளை | செப்டம்பர் 5

இதுதான் நல்ல சமயம். இரண்டு மழைக்கும் நடுவில், ஐப்பசி மழை இறங்குவதற்குள் காயம் ஆறிவிட வேண்டும். நுனியில் இருந்து மூன்று இலை விட்டு, அதற்குக் கீழே உள்ள கணுவைப் பாருங்கள். அதில் ஏற்கெனவே வேர் இருந்தால், கழுவிய தும்பை ஈரமாகப் பிழிந்து அந்த வேரைச் சுற்றிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றுங்கள். மூன்று வாரத்தில் கிளைவேர் கிளம்பும். கிளைவேரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெட்டு. வெறும் கணுவை வெட்டிப்போட்டுப் பிழைக்குமா என்று பார்க்கும் வேலை வேண்டாம்.

புதுப் பிளேடை நெருப்பில் காட்டி, ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டிய இரண்டு முகத்திலும் அடுப்புச் சாம்பல் தொட்டு, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு அப்புறம் நடுங்கள். அடித்தண்டை வீசிவிடாதீர்கள். அதன் கணுவில் முளை வரும்.

உரம் இப்போது வேண்டாம். புது இலை கிளம்பிய பிறகு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்) லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும்.

ஆற்றூர்_விளை | அக்டோபர் 6

நேற்று வெட்டினேன். கை நடுங்கியது. நுனிப்பகுதியில் ஐந்து வேர். அடித்தண்டில் இரண்டு கணு இலையோடு இருந்தது, அதையும் இரண்டாக்கிவிட்டேன். மொத்தம் மூன்று.

இலைப்பித்து | நவம்பர் 20

மழை விடாமல் பெய்கிறது, எல்லோரும் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் ஊறியதுபோல் கண்ணாடிப்புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம் இருந்தால் பாக்டீரியா. அந்த இலையைக் காம்போடு எடுத்து எரித்துவிட்டு, கத்தரியைத் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். தொட்டிக்குத் தொட்டி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தின்போது நெருக்கி வைத்திருந்ததால் நான் பதினோரு செடியை இழந்தேன்.

ரப்பர்விளை | டிசம்பர் 28

ரப்பர் மரத்தடியில் செடி வைத்திருப்பவர்கள் கவனிக்க. இலை உதிர ஆரம்பித்துவிட்டது. ஒரு மாதத்தில் மரம் மொட்டையாகும், மழையும் நின்றிருக்கும், நேர்வெயில் செடிமேல் விழும். இப்போதே நிழல்வலை கட்டுங்கள். புதுத்தளிர் வரும் சமயத்தில் சாம்பல்நோய்க்குத் தோட்டங்களில் கந்தகத்தூள் தூவுவார்கள். அது வெல்வெட் இலைமேல் படிந்தால் கழுவுவது கஷ்டம். பக்கத்துத் தோட்டக்காரரிடம் எந்த நாள் தூவுகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் செடியை வீட்டுக்குள் எடுத்துவிடலாம்.

ஆற்றூர்_விளை | பிப்ரவரி 11

நுனிச்செடியில் புது இலை 38 செ.மீ. வெட்டியதில் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, பரவாயில்லை. அடித்தண்டில் ஒரு துண்டு மார்கழியில் அழுகிவிட்டது. இன்னொன்றில் முளை வந்து இரண்டு இலை விட்டிருக்கிறது, இரண்டும் குட்டி இதயம் மாதிரி. தொட்டியைச் சாய்த்துப் பார்த்தேன், வேர் அடி ஓட்டை வரைக்கும் வந்திருக்கிறது.

அண்ணாச்சி, இதை உங்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் வேறு காற்று உள்ள ஊர் என்று நீங்களே சொன்னீர்கள். தோவாளை அக்கா, உங்களுக்குச் சம்மதமா?

தோவாளை_காற்று | பிப்ரவரி 11

எனக்கா? மேற்குச் சுவர் மூலையில் மீன்தொட்டி வைத்த பிறகு என் மெலனோகிரைசம் முதல்முறையாகக் கிழியாத இலை விட்டது. இதையும் அதன் பக்கத்திலேயே வைப்பேன். ஆடிக் காற்று வருவதற்கு முன் இன்னும் இரண்டு இலை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு தர வேண்டும் சொல்லுங்கள்.

ரப்பர்விளை | பிப்ரவரி 11

தோவாளைக்கே போகட்டும். சரியான இடம்.

ஆற்றூர்_விளை | பிப்ரவரி 12

பணம் எதுவும் வேண்டாம் அக்கா. அது வளர்ந்து தண்டு வந்ததும் அண்ணாச்சிக்கு ஒரு துண்டு கொடுங்கள், போதும். சனிக்கிழமை நாகர்கோவில் வருகிறேன். காலை பத்தரைக்கு வடசேரி பேருந்து நிலையத்தில் திருவட்டார் வண்டி நிற்கும் இடத்தில் இருப்பேன். வெள்ளைத் துணிப்பையில் அட்டைப்பெட்டி, இலை வெளியே தெரியும். திரும்பும்போது உங்கள் வண்டியில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

தோவாளை_காற்று | பிப்ரவரி 12

வந்துவிடுகிறேன். அண்ணாச்சிக்கான துண்டுக்குத் தும்பு இப்போதே கழுவி வைக்கிறேன்.